மேலே போனவளுக்கு வந்த ஐஸ் பெட்டி

"மலைக்குப் போறேம்மா" என்று என் மகள் சொன்னபோது திருவண்ணாமலைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பௌர்ணமிக்கா?" என்று கேட்டேன்.

"சித்திரையில போயி வைகாசி கடைசில வருவேன்."

கிரிவலத்துக்கு ஒன்றரை மாதமா, முட்டி போட்டுக்கொண்டு சுற்றினாலும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாமே என்றேன். அப்புறம்தான் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். உப்பளத்தில் குவித்துவைத்த மாதிரி வெள்ளையாக ஒரு மலை.

"இது எங்கடி கீது?"

"நேபாளத்துல. எவரெஸ்ட்டுக்குப் பக்கத்து மலை."

"இத்த சுத்தி வரப்போறியா?"

"ஏறப்போறேன்."

எனக்குத் தெரிந்த மலை சுற்றிவருகிற மலை. வில்லியனூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு மேடு என்றால் பாகூர் ஏரிக்கரை, உயரம் என்றால் கோயில் கோபுரமும் தண்ணி டேங்கும். நடவுக்கும் களைக்கும் குனிந்தே காலம் தள்ளிய குடும்பம் எங்களுடையது. இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தக் கிறுக்கு என்று தெரியவில்லை. வயது நாற்பத்தொன்று. வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். "மத்தவங்கள ஓடு ஓடுன்னு விசில் ஊதியே வயசாயிடுச்சும்மா. நான் எப்ப ஓடறது?" என்றாள்.

"ஓடு. யாரு வேணான்றது? அதுக்கு எதுக்குடி பனியில ஓடணும்?"

மாப்பிள்ளைக்குச் சேதராப்பட்டில் ஃபேக்டரி வேலை. ஷிப்டு. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு லீவு போடுகிற ஆள். "நீங்களாவது சொல்லக்கூடாதா மாப்ளே?" என்று அவரைப் பிடித்தேன். "என்னக் கேட்டுட்டுதான் போறா அத்தே" என்றார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அதைப் பற்றி ஊர் பேசி ஓய்ந்துபோய் நாலைந்து வருஷம் ஆகிறது. இப்போது மலையைப் பற்றிப் பேசட்டும் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள் போல.

மலை ஏறுவதென்றால் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஏறுவது என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. அதற்குக் கம்பெனி இருக்கிறது. கல்யாணத்துக்குச் சாப்பாடு போடுகிறவன் இலைக்கு இன்ன அயிட்டம் என்று நோட்டீஸ் காட்டுவானே, அதேபோல இவர்களும் மூன்று விதமான பேக்கேஜ் காட்டினார்கள். சின்ன பேக்கேஜில் ஆக்சிஜன் சிலிண்டர் குறைச்சல். பெரிய பேக்கேஜில் சிலிண்டர் கூடுதல், கூடாரத்துக்குள் கார்ப்பெட், காலையில் படுக்கையிலேயே டீ.

"படுக்கையில டீ குடுக்கறதுக்கு மலை எதுக்குடி? உன் புருஷன கேட்டா போட மாட்டாரா?"

இவள் எடுத்தது நடு பேக்கேஜ். மூட்டை தூக்கவும் வழிகாட்டவும் ஆளுக்கு ஒரு ஷெர்பா உண்டாம். அந்த மலையிலேயே பிறந்த மனுஷர்கள். அந்தப் பேர் என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"சேர்ப்பாவா? எங்க சேர்ப்பாரு?"

"மேல கொண்டு போயி சேர்ப்பாரு."

"அவரு சேர்க்கட்டும். கீழ யாரு சேர்ப்பாங்க?"

கம்பெனியிலிருந்து வந்த காகிதக் கட்டில் ஒரு தாளைப் பார்த்ததும் மாப்பிள்ளை முகம் மாறியது. இன்னா எழுதியிருக்கு என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததற்கு எதற்கு மூன்று கட்டம் என்று விடாமல் கேட்டேன். மகள்தான் சொன்னாள். மலையில் ஏதாவது ஆகிவிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுவருவதா, காட்மாண்டுவிலேயே எரிப்பதா, மலையிலேயே விட்டுவிடுவதா, ஒன்றில் டிக் போடவேண்டுமாம். கொண்டுவருவது தனி பேக்கேஜ். ஏறின செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடுமாம்.

"அங்கயே நெறைய பேரு இருக்காங்கம்மா. பனிதான, கெடாது."

"கெடாதுன்றதுக்கு நீ இன்னா நெத்திலிக் கருவாடா?"

அவள் சிரித்துக்கொண்டே மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டாள். மாப்பிள்ளை எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இவ்வளவுக்கும் பணம்? அதற்குத்தான் போர்வெல்காரர் வந்தார். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி நிலத்தில் அவர் வண்டிதான் துளை போட்டிருக்கிறது. பாதியை முன்னாலேயே கொடுத்துவிட்டார். உச்சியில் நின்று அவர் கம்பெனிக் கொடியை விரித்துப் பிடித்த போட்டோ வந்தால் மீதிப் பாதி. "நீ பூமிக்குள்ள தோண்டறவனாச்சே, ஆகாசத்துல உனக்கு இன்னாப்பா வேல?" என்று கேட்டேன். "வெளம்பரம் ஆயா. எவ்ளோ ஆழமோ அவ்ளோ ஒசரம்னு ஃபிளெக்ஸ் வெக்கப்போறேன்" என்றார். பள்ளிக்கூட மாடிப்படியில் இருபது கிலோ அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு இவள் மூன்று மாதம் ஏறி இறங்கினாள். பிறகு போய்விட்டாள்.

அவள் போன நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இங்கே அக்கினி வெயில். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிறது. விசிறியைக் கையில் எடுத்தால் அவளுக்குக் குளிருமே என்று கீழே வைப்பேன். பெருக்கின வாசலையே மறுபடி பெருக்குவேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் போன் செய்வான். ஊருக்குப் பேசுவதற்கென்றே வைத்திருக்கிற ஆள். வடக்கத்திக்காரன், மெட்ராஸில் நாலு வருஷம் இருந்தவன். தமிழ் தெரியும் என்பதில் அவனுக்கு அத்தனை பெருமை.

"அம்மா, நமஸ்தே. மேடம் நல்லா இருக்கு. சாப்பாடு சாப்பிடுச்சு. ரெண்டாவது கேம்ப் போச்சு."

ஒரு மாதம் பொறுத்தேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "தோ பாருப்பா. சாப்பிடுச்சு, போச்சு, வந்துச்சுன்னா அது ஆடு மாடு. எம் பொண்ணு டீச்சரு. சாப்ட்டாங்க, போயிட்டாங்க, வந்துட்டாங்க. எங்க, சொல்லு?"

"சாப்ட்டாங்க. போயிட்டாங்க. வந்துட்டாங்க" என்று அவன் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பித்தான். நானும் பெரிய வாத்தியார் வேலை பார்த்துவிட்ட திருப்தியில் அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு வரவேண்டிய போன் காலை பத்து மணிக்கே வந்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். கறிவேப்பிலை வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். போனில் காற்றுச் சத்தம். நடுவில் அவன் குரல், நான் சொல்லிக்கொடுத்த மரியாதை துளியும் பிசகாமல்.

"அம்மா, மேடம் மேல போயிட்டாங்க. மூணு..."

லைன் அறுந்துவிட்டது.

நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி கையிலிருந்த கறிவேப்பிலையைப் போட்டுவிட்டு, "ஐயோ ஆயா! மூணு மணிக்காம் ஆயா!" என்று மாரில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

திரும்பத் திரும்ப நம்பரை அழுத்தினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொன்னது. அதுவும் அந்த நேரத்தில் எனக்கு வேறு விதமாகத்தான் கேட்டது. மாப்பிள்ளை ஷிப்டில் இருந்தார். உள்ளே போகும்போது போனை வாங்கி வைத்துவிடுவார்கள். யாரோ பைக் எடுத்துக்கொண்டு சேதராப்பட்டுக்குப் பறந்தான். அரை மணி நேரத்தில் நீலக்கலர் பிளாஸ்டிக் சேர் தெருவை அடைத்தது. பெண்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "மலையேறப் போனவளே, மலையோட போயிட்டியே" என்று ராகம் எடுத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் சின்ன வயதில் கிணற்றுக் கட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது மட்டும் கண் முன்னால் ஓடியது. அன்றைக்கு ஓர் அறை விட்டு இறக்கினேன். இப்போது கை எட்டவில்லை.

பதினொன்றரை மணிக்கு ஒரு மினி லாரி வந்து நின்றது. ஐஸ் பெட்டி. யார் சொல்லி வந்தது என்று இன்றுவரை ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டிக்கார ஆள் கண்ணாடி மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, "பாடி எங்கம்மா? பிளக் பாயின்ட் எந்தப் பக்கம்?" என்றான்.

"பாடி பனிமல மேல கீது" என்றேன்.

"எப்ப வரும்?"

"வராது. மூணாவது கட்டம்."

அவனுக்கு விளங்கவில்லை. "அப்ப பொட்டி?"

"பனிக்குள்ள கீறவளுக்கு எதுக்குப்பா ஐஸ் பொட்டி? வெயிலு தாங்கல, நானே படுத்துக்கறேன், பிளக்கு போடு."

சொன்னதும் சுற்றியிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பேதலிக்கவில்லை. படுத்துக்கொள்ளலாம் என்று நிஜமாகவே தோன்றியது.

மாப்பிள்ளை யூனிஃபார்மோடு வந்து இறங்கினார். யாரிடமும் பேசாமல் என் கையிலிருந்த போனை வாங்கி அழுத்தினார். அவருக்கு லைன் கிடைத்தது. ஸ்பீக்கரில் அந்த வடக்கத்திக்காரன் குரல் சந்தோஷமாக வந்தது.

"ஆமா சார்! காலையில மேல போயிட்டாங்க! மூணாவது கேம்ப்! ரொம்ப நல்லா ஏறுறாங்க! அம்மாகிட்ட சொல்லிட்டேனே!"

மாப்பிள்ளை சேரில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஒப்பாரி வைத்த வாயாலேயே எல்லாரும் சிரித்தார்கள். பெட்டிக்காரன் மட்டும் வண்டி வாடகைக்கு நின்றான். அப்போதுதான், எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான், எனக்கு அழுகை வந்தது. செத்துப்போன மகள் கிடைத்துவிட்டாள். கிடைத்தவள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து சாயங்காலம் நாலு மணிக்கு அவளே பேசினாள். சாட்டிலைட் போன். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று அதையும் கம்பெனிதான் வாடகைக்கு விடுகிறது. மாப்பிள்ளை நைட் ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் நான் சொன்னதைச் சொல்லியிருக்க முடியாது.

"எம்மா."

"எங்கடி கீற?"

"கடைசி கேம்ப்... இருட்டினதும்... கெளம்பணும்."

ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு. மாட்டு வண்டி மேடேறுகிற மாதிரி இருந்தது அவள் பேசுவது. பக்கத்தில் யாரோ இருமினார்கள். சாதாரண இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து தண்ணீர் கொதிக்கிற மாதிரி.

"யாருடி அது?"

"நம்ம... சேர்ப்பா. ரெண்டு நாளா... ஒன்னுமில்லன்றாரு."

"எனக்கு வில்லியனூர்ல கேக்குது. ஒன்னுமில்லயாமா?"

"நான் உச்சிக்குப் போனாதாம்மா... அவருக்கு போனஸ். அதான்... சொல்ல மாட்றாரு. ரெண்டு புள்ளைங்க... அவருக்கு."

பிறகு அவளாகச் சொன்னாள். கயிற்றுப் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தாராம். வேறு கம்பெனியோடு வந்தவர். உட்கார்ந்தபடியே நேற்று உயிர் போய்விட்டதாம். கயிறு ஒன்றுதான் என்பதால் எல்லாரும் வரிசையாக அவரைத் தாண்டித்தான் வந்தார்களாம்.

"ஆரஞ்சு கலர் பூட்ஸும்மா... புத்தம் புதுசு. லேஸு கூட... அழுக்காவல."

"திரும்பி வந்துடுடி."

"போட்டோ இல்லாம... எப்டிம்மா? மீதிப் பணம்... கம்பெனிக்குக் கட்டணும். இவ்ளோ தூரம்... வந்துட்டேன்."

இரண்டு மணி நேரம் அவளைச் செத்தவளாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் உடம்பை விட்டுப் போகவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"போட்டோவாம் போட்டோ. போர்வெல்காரரு நேத்து வூட்டுக்கு வந்தாரு."

"எதுக்கு?"

"இங்க நடந்த கூத்த கேள்விப்பட்டு வந்தாரு. போட்டோ கெடக்குது ஆயா, டீச்சரு நல்லபடியா வரட்டும், மீதிய நான் குடுத்துடறேன்னு சொன்னாரு."

"அவரா... சொன்னாரு?"

"அவருதான். ஒரு சொம்பு மோரு குடிச்சிட்டு, உப்பு கம்மின்னு வேற சொல்லிட்டுப் போனாரு."

பொய் சொல்லும்போது மோர் மாதிரி ஏதாவது சேர்க்கவேண்டும். உப்புக் குறைகிற மோராக இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். மறுபடி அந்த இருமல்.

"சரிம்மா" என்றாள். லைன் போய்விட்டது.

சரி என்றால் என்ன சரி? வருகிறேன் என்கிற சரியா, நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டேன் என்கிற சரியா? மறுநாள் மதியம் வரை அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அல்லாடினேன். உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தேன். மாப்பிள்ளையிடம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. ஒரு மணிக்குப் போன் வந்தது. வடக்கத்திக்காரன் நான் சொல்லிக்கொடுத்த மரியாதையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டிருந்தான்.

"அம்மா, பயப்படாத. மேடம் உயிரோட இருக்கு. உச்சி போகல. கீழ வருது. உயிரோட வருது."

"நீ ஆடு மாடு மாதிரியே பேசுப்பா, அதான் உனக்கு நல்லா கீது" என்றேன்.

வைகாசி கடைசியில் வில்லியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். மூக்குத் தோல் உரிந்து, உதடு வெடித்து, மூஞ்சி அடுப்புச் சட்டி மாதிரி. "இன்னாடி இது, ஐஸுல இருந்து வர்றன்னு பாத்தா அடுப்புல இருந்து எறங்கி வர்ற?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மகள் சிரித்தாள். ஆனால் மூட்டையைப் பிரிக்கவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் அது கூடத்து மூலையிலேயே கிடந்தது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து மொட்டை மாடிக்குப் போவாள். அங்கே என்ன இருக்கிறது, காய்கிற வடகம்தான்.

பதினோராம் நாள் போர்வெல்காரர் வந்தார். வந்து உட்கார்ந்ததுமே, "டீச்சர், போட்டோ எதாச்சும் தேறுமா? பாதி வழியில எடுத்திருந்தாக்கூட மலைக் கம்பெனில உச்சி மாதிரி பண்ணிக் குடுத்துடறோம்ன்றாங்க. இங்க யாரு கண்டாங்க?" என்றார்.

மகள் அவரையே பார்த்தாள். "நீங்கதான் போட்டோ வேணாம், மீதிய குடுத்துடறேன்னு சொன்னீங்களாமே?"

"நானா? எப்ப?"

"வூட்டுக்கு வந்து. மோரு கூட குடிச்சீங்களாம்."

"டீச்சர், எனக்கு சளி ஒடம்பு. நான் மோரே தொட மாட்டேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும்தான். அந்தப் போட்டோவுக்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் மீதியைக் கொடுக்கவில்லை. அந்தப் பாதிக்கு அவள் செயினும் என் தோடும் போனது வேறு கதை. அன்றைக்கு அவர் போன பிறகு அவள் என் எதிரில் தரையில் வந்து உட்கார்ந்தாள். கால் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"ஏம்மா?"

எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு நக்கல் வாயில் தயாராக இருக்கும். தேடினேன், வரவில்லை.

"உன்ன ஒரு வாட்டி சாவக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன்டி. இன்னொரு வாட்டி என்னால ஆவாது."

"அன்னிக்கி எங்க கேம்ப்ல இருந்து நாலு பேரு போனாங்கம்மா. நாலு பேரும் உச்சியப் பாத்துட்டு வந்துட்டாங்க."

"சேர்ப்பா?"

"எறங்கும்போதே படுத்துட்டாரு. ஹெலிகாப்டர்ல தூக்கினாங்க. நெஞ்சுல தண்ணி. இப்ப பொழச்சிட்டாரு."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் போயிருந்தா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாதே. அதான் சொன்னேன்."

"அத நான் முடிவு பண்ணியிருக்கணும்மா. நீயில்ல." கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி முடித்திருப்பேன். "அவரு இருமறதக் கேட்டு நானே திரும்பியிருப்பேனோ என்னமோ. அதக் கூட இனிமே எனக்குத் தெரிஞ்சிக்க வழியில்ல."

எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். இப்போதும் பேசுகிறாள், சிரிக்கிறாள், பள்ளிக்கூடம் போய் விசில் ஊதுகிறாள். அடுத்த வருஷம் போவாளா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டால் மட்டும் நிஜத்தைச் சொல்வாளா? அவளும் என் வயிற்றில் பிறந்தவள்தானே.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. நான் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சோறு வெந்துவிட்டது என்றால் மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கிறாள். தபால்காரர் வந்தார் என்றால் மாப்பிள்ளையிடம் ஒரு முறை கேட்டுக்கொள்கிறாள். நேற்று சாயங்காலம், "மழ வருதுடி, துணிய எடு" என்று கூப்பிட்டேன். வாசலுக்கு வந்து நிமிர்ந்து வானத்தைப் பார்த்தபடியே நின்றாள். முகத்தில் இரண்டு துளி விழுந்த பிறகுதான் கொடியில் காய்ந்த மாப்பிள்ளையின் சட்டையில் கை வைத்தாள்.